ஏசி சிக்னலில் டிரான்சிஸ்டரை இயக்குவது எப்படி? பேஸைக் காக்கும் ஒரு சின்ன டயோடு

டிரான்சிஸ்டரை சுவிட்சாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும்போது எல்லோரும் பேட்டரியில்தான் தொடங்குவோம். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸுக்கு (கட்டுப்படுத்தும் கால்) ஒரு ரெசிஸ்டர், கலெக்டரில் (கரண்ட் நுழையும் கால்) ஒரு எல்ஈடி, எமிட்டர் (கரண்ட் வெளியேறும் கால்) கிரவுண்டில். பட்டனை அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். அதே சர்க்யூட்டில் பேஸுக்கு மட்டும் பேட்டரிக்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்மரின் 12 வோல்ட் ஏசியைக் கொடுத்தாலும் எல்ஈடி எரியத்தான் செய்யும். எரிகிறதே, அப்போது எல்லாம் சரி என்று விட்டுவிடுவோம். ஆனால் உள்ளே அந்த டிரான்சிஸ்டர் விநாடிக்கு 50 முறை அடி வாங்கிக்கொண்டிருக்கும்.

எனக்கு இது புரிந்தது வேறொரு சர்க்யூட்டில். ஏசி வைத்துச் சோதனை செய்த பிரெட்போர்டிலிருந்து (பாகங்களைக் குத்தி இணைக்கும் பலகை) ஒரு பிசி547 டிரான்சிஸ்டரை எடுத்து, மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பில் போட்டேன். பேச்சோடு சேர்ந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். கெப்பாசிட்டரை மாற்றினேன், வயரைச் சுருக்கினேன், சப்ளையை மாற்றினேன், இரண்டு நாள் போனது. கடைசியில் பாக்கெட்டிலிருந்து புது டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துப் போட்டதும் இரைச்சல் அடங்கிவிட்டது. பழையது சாகவில்லை, சுவிட்சாக இன்னும் வேலை செய்தது. ஆனால் காயப்பட்டிருந்தது. அந்தக் காயம் எப்படி வருகிறது, ஒன்றிரண்டு ரூபாய் டயோடு அதை எப்படித் தடுக்கிறது என்பதைச் செய்தே பார்த்துவிடலாம்.

கையில் என்ன வேண்டும்

பிசி547 டிரான்சிஸ்டர் நான்கைந்து (ஒன்றைப் பலி கொடுக்கப் போகிறோம்), 1என்4148 டயோடு இரண்டு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 330 ஓம் ஒன்று, சிவப்பு எல்ஈடி ஒன்று, பிரெட்போர்டு, ஜம்பர் வயர், மல்ட்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி இரண்டு. 5 வோல்ட்டுக்குப் பழைய மொபைல் சார்ஜர் போதும். ஏசிக்கு 12-0-12, 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கம் 230 வோல்ட். அந்தப் பக்கத்து வயர்கள் திறந்தபடி மேஜையில் கிடக்கவே கூடாது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, ஃபியூஸ் சேர்த்து, 12 வோல்ட் வயர்கள் மட்டும் வெளியே வரும்படி செய்யுங்கள். இதில் பழக்கம் இல்லையென்றால் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், பெரிய ரெசிஸ்டர் மட்டும் போட்டு நேரடியாக 230 வோல்ட்டிலிருந்து எடுக்கும் படங்கள் இணையத்தில் கிடைக்கும். தொடக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். அந்த சர்க்யூட்டில் எந்த இடத்தைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம்.

படி 1: கால்களை அடையாளம் காணுங்கள்

பிசி547-இன் தட்டையான முகம் உங்களைப் பார்த்தபடி, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். எல்லா டிரான்சிஸ்டரும் இதே வரிசை கிடையாது. 2என்3904 இதற்கு நேர் எதிர். அதனால் மல்ட்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிவப்பு முனை பேஸில், கறுப்பு முனை மற்ற இரண்டு கால்களில் மாறி மாறி. இரண்டிலும் 0.6, 0.7 என்று காட்டும். அதில் ஒரு சில மில்லி வோல்ட் கூடுதலாகக் காட்டுவது எமிட்டர்.

படி 2: உச்ச வோல்ட்டேஜைக் கணக்கிடுங்கள்

12 வோல்ட் ஏசி என்பதில் அந்த 12 உச்ச மதிப்பு அல்ல. 1.414 ஆல் பெருக்கினால்தான் உச்சம் வரும்: சுமார் 17 வோல்ட். ஆக, நம் சிக்னல் பிளஸ் 17 வரை ஏறி, மைனஸ் 17 வரை இறங்குகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் போட்டிருக்கும் 12 வோல்ட், முழு லோடு இருக்கும்போது வருவது. நாம் எடுப்பதோ இரண்டு மில்லி ஆம்பியர்கூட இல்லை. அதனால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே, 20-ஐத் தொட்டும் வரும். கணக்கை 17-க்குப் போடுவோம், ஆனால் பொருள்கள் 20-ஐயும் தாங்க வேண்டும்.

ஏறும் பாதியில் பிரச்சினை இல்லை. எல்ஈடிக்கு வேண்டிய கரண்ட்: 5 வோல்ட்டில் எல்ஈடிக்கு 2, டிரான்சிஸ்டருக்கு 0.2 போக மீதி 2.8. அதை 330-ஆல் வகுத்தால் 8.5 மில்லி ஆம்பியர். டிரான்சிஸ்டரை நன்றாக ஆன் செய்ய, கலெக்டர் கரண்ட்டில் இருபதில் ஒரு பங்காவது பேஸுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம். அதாவது அரை மில்லி ஆம்பியருக்குக் குறையாமல். 10 கிலோ ஓம் போட்டால் உச்சத்தில் (17 கழித்தல் 0.7) வகுத்தல் 10,000, அதாவது 1.6 மில்லி ஆம்பியர். தாராளமாகப் போதும்.

படி 3: இறங்கும் பாதியில் என்ன ஆகிறது

பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே இருப்பது ஒரு டயோடுதான். பேஸ் மைனஸுக்குப் போனால் அது கரண்ட்டைத் தடுக்கும். ஆனால் எவ்வளவு வரை? பிசி547 டேட்டாஷீட்டைத் திறந்து அதிகபட்ச மதிப்புகள் பட்டியலைப் பாருங்கள். கலெக்டர்-எமிட்டர் 45 வோல்ட், கலெக்டர்-பேஸ் 50 வோல்ட், எமிட்டர்-பேஸ் வெறும் 6 வோல்ட். முதல் இரண்டு எண்ணைப் பார்த்துவிட்டு '45 வோல்ட் தாங்குமே, 17 என்ன செய்துவிடும்' என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பிசி547 மட்டும் இப்படி இல்லை, நாம் புழங்கும் சின்ன சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் 5 அல்லது 6 வோல்ட்தான்.

ஏன் இவ்வளவு குறைவு? எமிட்டரின் வேலை பேஸுக்குள் எலக்ட்ரான்களை அள்ளிக் கொட்டுவது. அதற்காகவே அந்தப் பகுதியின் சிலிக்கானில் மிக அதிகமாக மாசு (வேண்டுமென்றே கலக்கும் வேற்றுப் பொருள்) சேர்த்திருப்பார்கள். இரண்டு பகுதியும் சந்திக்கும் இடத்தில் எலக்ட்ரான்கள் இல்லாத தடுப்புப் படலம் ஒன்று உருவாகும். மாசு அதிகமானால் அந்தப் படலம் மெலிந்துவிடும். மெல்லிய படலத்தின் மேல் சில வோல்ட் விழுந்தாலே மின்புலம் பயங்கரமாக ஏறி, படலம் உடைந்து கரண்ட் எதிர்த்திசையில் பாயும். இதுதான் பிரேக்டவுன். கலெக்டர் பக்கம் மாசு குறைவு, படலம் தடிமன், அதனால் 50 வோல்ட் தாங்குகிறது.

உடைந்தாலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கரண்ட்டை ஒரு மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடுகிறது. சூட்டில் எரிந்துபோகாது. ஆனால் அந்த மின்புலத்தில் வேகம் எடுக்கும் எலக்ட்ரான்கள் சந்திப்பின் மேலே உள்ள ஆக்சைடு ஓரத்தில் மோதி அதைப் பழுதாக்குகின்றன. பிறகு பேஸ் கரண்ட்டில் ஒரு பகுதி அந்தப் பழுதிலேயே வீணாகும். முக்கியமாகக் குறைந்த கரண்ட்டில் பெருக்கம் (கலெக்டர் கரண்ட் பேஸ் கரண்ட்டைப் போல் எத்தனை மடங்கு என்பது) விழும், இரைச்சல் ஏறும். என் மைக் ப்ரீஆம்ப்பில் கேட்டது இதைத்தான்.

படி 4: கண்ணால் பாருங்கள்

இப்போது அந்தப் பலி. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணையுங்கள், 18 வோல்ட். பிளஸை எமிட்டருக்கும், மைனஸை 10 கிலோ ஓம் வழியாக பேஸுக்கும் கொடுங்கள். கலெக்டர் சும்மா இருக்கட்டும். மல்ட்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து எமிட்டருக்கும் பேஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். டயோடு முழுசாகத் தடுத்தால் 18 காட்ட வேண்டும். காட்டாது. 7-லிருந்து 10-க்குள் எங்கோ ஓர் எண்ணில் அசையாமல் நிற்கும். மீதி வோல்ட்டேஜ் எல்லாம் ரெசிஸ்டரில். பிரேக்டவுன் உங்கள் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது.

மல்ட்டிமீட்டரில் டிரான்சிஸ்டர் பெருக்கம் அளக்கும் சாக்கெட் இருந்தால், இந்தச் சோதனைக்கு முன் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு இப்படியே விட்டுக் காலையில் மறுபடி அளந்தால் பெரும்பாலும் குறைந்திருக்கும். அளக்கும் முன் டிரான்சிஸ்டரை விரலால் பிடிக்காமல் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். கைச்சூட்டிலேயே அந்த எண் ஏறிவிடும். முடிந்ததும் இந்த டிரான்சிஸ்டரின் கால்களை வெட்டிக் குப்பையில் போடுங்கள். மற்றவற்றோடு கலந்துவிட்டால் பிறகு எனக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

இதையே பயனாக்கிக்கொள்பவர்களும் உண்டு. சிந்தசைசர் செய்கிறவர்கள் காற்று, அலை போன்ற ஓசைகளுக்காக, வேண்டுமென்றே ஒரு டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டரை எதிர்த்திசையில் உடையவிட்டு, அந்த இரைச்சலைப் பெருக்கி எடுப்பார்கள்.

படி 5: டயோடைச் சேர்த்து சர்க்யூட்டைக் கட்டுங்கள்

எமிட்டரை பிரெட்போர்டின் கிரவுண்டு வரிசைக்குக் கொடுங்கள். 5 வோல்ட்டிலிருந்து 330 ஓம், அதிலிருந்து எல்ஈடியின் நீளக்கால், குட்டைக்கால் கலெக்டருக்கு. 10 கிலோ ஓமின் ஒரு முனை பேஸில், மறு முனை இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும். அதுதான் சிக்னல் நுழையும் வாசல்.

இனி 1என்4148. கறுப்பு வளையம் உள்ள முனை பேஸில், மறு முனை எமிட்டரில். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் டயோடுக்கு இது நேர் எதிராகத் திரும்பி நிற்கிறது. சிக்னல் ஏறும்போது உள்ளே இருக்கும் டயோடு நடத்தும், வெளியே இருப்பது தூங்கும். சிக்னல் இறங்கும்போது வெளியே இருப்பது விழித்துக்கொண்டு கரண்ட்டைத் தன் வழியாக விட்டுவிடும். பேஸ் மைனஸ் 0.7-க்குக் கீழே போகவே முடியாது. 6 வோல்ட் எல்லைக்குப் பக்கத்திலேயே வராது.

டயோடு வைக்கும் இடம் முக்கியம். ரெசிஸ்டருக்கு அப்புறம், அதாவது பேஸ் காலிலேயே இருக்க வேண்டும். ரெசிஸ்டருக்கு முன்னால், சிக்னல் வாசலில் வைத்தால் அது டிரான்ஸ்ஃபார்மரையே ஒரு பாதியில் ஷார்ட் செய்துவிடும். டயோடு புகைந்து போகும். சரியான இடத்தில் அதன் வழியே 1.6 மில்லி ஆம்பியர்தான் போகும், அது 1என்4148-க்கு ஒன்றுமே இல்லை. ரெசிஸ்டரில் ஏறும் சூடும் 15 மில்லி வாட்டுக்குள்தான், சாதாரண கால் வாட் போதும்.

படி 6: ஏசிக்கு முன் பேட்டரியில் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு 9 வோல்ட் பேட்டரியின் மைனஸை கிரவுண்டிலும் பிளஸை 10 கிலோ ஓமின் காலி முனையிலும் கொடுங்கள். எல்ஈடி எரிய வேண்டும், பேஸில் பிளஸ் 0.7 இருக்க வேண்டும். பேட்டரியைத் திருப்பிப் போடுங்கள். எல்ஈடி அணைய வேண்டும், பேஸில் மைனஸ் 0.6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மைனஸ் 7, 8 என்று காட்டினால் டயோடு சரியாகக் குத்தவில்லை. முதல் நிலையிலேயே எல்ஈடி எரியாவிட்டால் டயோடு திரும்பியிருக்கலாம். சிக்னல் அதன் வழியே கிரவுண்டுக்கு ஓடிவிடுகிறது.

படி 7: ஏசியைக் கொடுங்கள்

12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் நடு வயரை கிரவுண்டுக்கும், ஒரு 12 வயரை 10 கிலோ ஓமுக்கும் கொடுங்கள். மிச்சமுள்ள 12 வயரின் முனையை டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். தெரியாமல் இரண்டு ஓர வயர்களையும் எடுத்தால் 24 வோல்ட் வரும், உச்சம் 34.

எல்ஈடி எரிகிறது. நின்று எரிவதுபோல்தான் தெரியும், ஏனென்றால் விநாடிக்கு 50 முறை அணைந்து எரிவதைக் கண் பிடிப்பதில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, பிரெட்போர்டிலிருந்து இரண்டு நீள வயரில் எல்ஈடியை மட்டும் வெளியே எடுத்து, கையில் பிடித்து வேகமாகப் பக்கவாட்டில் வீசிப் பாருங்கள். ஒரே சிவப்புக் கோடாக இல்லாமல் துண்டு துண்டாகத் தெரியும். ஒரு துண்டும் அடுத்த இருட்டும் சேர்ந்தால் 20 மில்லி செகண்ட், அதாவது ஏசியின் ஒரு முழுச் சுற்று. கை வீச்சு விநாடிக்கு 2 மீட்டர் என்றால் ஒவ்வொரு துண்டும் சுமார் 2 சென்டிமீட்டர். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாமலேயே அலையைப் பார்த்துவிட்டீர்கள்.

டயோடு தன் வேலையைச் செய்கிறதா என்பதையும் ஆசிலோஸ்கோப் இல்லாமல் தெரிந்துகொள்ளலாம். மல்ட்டிமீட்டரை டிசி நிலையில் வைத்து பேஸை அளங்கள். ஏறும் பாதியில் பிளஸ் 0.7, இறங்கும் பாதியில் மைனஸ் 0.7, சராசரி பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். டயோடு கழன்றிருந்தால் சராசரி மைனஸ் 3 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். சர்க்யூட்டைப் பெட்டிக்குள் மூடும் முன் நான் இந்த ஓர் அளவை எப்போதும் எடுத்துவிடுவேன்.

டயோடைத் தொடராகப் போடக் கூடாதா?

போடலாம். ரெசிஸ்டருக்கும் பேஸுக்கும் நடுவே, வளையம் பேஸைப் பார்க்கும்படி ஒரு 1என்4148. இறங்கும் பாதியை அதுவே தடுத்துவிடும், அது 100 வோல்ட் தாங்கும். ரெசிஸ்டரிலும் பாதிச் சூடுதான். ஆனால் தடுத்திருக்கும் நேரத்தில் பேஸ் எதிலும் ஒட்டாமல் தொங்கும். சின்ன லீக்கேஜ், பக்கத்து வயரிலிருந்து தாவும் மின் இரைச்சல் எல்லாம் அதை ஆட்டும். அதனால் பேஸிலிருந்து எமிட்டருக்கு இன்னொரு 10 கிலோ ஓம் சேர்த்தே ஆக வேண்டும். தவிர, டிரான்சிஸ்டர் ஆன் ஆக 0.7-க்குப் பதிலாக 1.3, 1.4 வோல்ட் வேண்டும். ஏசி பூஜ்யத்தைத் தாண்டும் நேரத்தைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டுமென்றால் இது பின்னடைவு. என் விருப்பம் முதல் முறைதான்.

கெப்பாசிட்டர் வழியாக சிக்னல் வந்தால்

இங்கேதான் கவனமாக இருப்பவர்களும் சறுக்குவார்கள். ஆடியோ போன்ற சிக்னலில் உச்சம் 5 வோல்ட்தான் என்று வைத்துக்கொள்வோம். 6-க்குக் குறைவு, டயோடு எதற்கு என்று தோன்றும். நடுவே 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் கணக்கு மாறிவிடும். ஏறும் பாதியில் பேஸ்-எமிட்டர் நடத்துவதால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது. இறங்கும் பாதியில் அந்த சார்ஜ் வெளியேற வழியில்லை. சில சுற்றுகளில் அது 4.3 வோல்ட் பிடித்துவைத்துக்கொள்ளும். இப்போது அலை முழுவதும் கீழே நகர்ந்துவிட்டது. பேஸ் பிளஸ் 0.7-லிருந்து மைனஸ் 9.3 வரை போக முயலும். 5 வோல்ட் சிக்னலே பிரேக்டவுனைத் தொட்டுவிட்டது.

வெளியே தெரியும் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். சிக்னல் கொடுத்ததும் எல்ஈடி ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கிவிடும். கெப்பாசிட்டர் நிரம்பியதும் பேஸுக்குக் கிடைக்கும் கரண்ட் சுருங்கிவிடுவதுதான் காரணம். பேஸில் அதே 1என்4148-ஐ அதே திசையில் வைத்தால் இறங்கும் பாதியில் கெப்பாசிட்டர் வெறுமையாக வழி கிடைக்கும். மங்கலும் போகும், ஆபத்தும் போகும். மைக்கிலிருந்து வரும் சில மில்லி வோல்ட் சிக்னலுக்கு இதெல்லாம் பொருந்தாது. அது பேஸை 0.6-க்கே கொண்டுபோகாது, அதற்கு பயாஸ் (பேஸை முன்கூட்டியே உயர்த்தி வைக்கும் டிசி) கொடுக்க வேண்டும்.

இனி இதை எண்ண வைக்கலாம்

எல்ஈடியையும் 330 ஓமையும் எடுத்துவிட்டு, கலெக்டரிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் போடுங்கள். கலெக்டரில் இப்போது 5-க்கும் பூஜ்யத்துக்கும் தாவும் சதுர அலை. ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி போர்டின் இன்டரப்ட் பின்னுக்கு (சிக்னல் மாறியதும் உடனே கவனிக்கும் கால்) கொடுத்து, கிரவுண்டுகளை இணைத்து, 100 விநாடிக்கு எத்தனை முறை ஏறுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை தாறுமாறாக வந்தால் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 10 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள், லைனில் வரும் கூர்மையான மின் இரைச்சலை அது விழுங்கிவிடும்.

5000 வர வேண்டும். இந்திய மின்கட்டமைப்பு தன் அலைவெண்ணை 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே வைத்திருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே 4990-லிருந்து 5005 வரை வந்தால் நியாயம்தான். 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநிலங்களின் கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைந்ததிலிருந்து, மதுரையில் நீங்கள் எண்ணும் அலையும் டெல்லியில் ஒருவர் எண்ணும் அலையும் ஒரே தாளத்தில்தான் ஓடுகின்றன. உங்களுக்கு 5015, 5020 என்று வந்தால் மின்வாரியத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஆர்டுயினோ ஊனோவின் கடிகாரத்துக்குச் செராமிக் ரெசனேட்டர் இருக்கிறது, அது 0.5 சதவீதம் வரை தவறலாம். 5000-க்கு அது 25. கிரிஸ்டல் உள்ள போர்டிலோ தனி கடிகார மாட்யூலோடோ எண்ணினால் அந்தப் பிழை ஒன்றுக்கும் கீழே வந்துவிடும்.